இரண்டு சாந்தி, ஒரு எட்னா

அமெரிக்கப் பெண்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிகூட எங்கள் தெருப் பெண்களைப் பற்றித் தெரியாது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் அதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் ஒரு மாடிக் கட்டடம். கீழே தகடு வெட்டும் பிரஸ் ஷாப். மேலே ஆறு பெண்கள் உட்கார்ந்துகொண்டு, எந்த அமெரிக்கப் பெண் எங்கே பிறந்தாள், யாரோடு மல்லுக்கு நின்றாள், அவளால் எது மாறியது என்று எழுதிக்கொண்டிருந்தோம். அங்கே பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் போடும் ஒரு நிறுவனம் எங்களுக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தது.

சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததே இல்லை. ஊத்தங்கரையில் இருந்து வரும் என் மாமா ஒவ்வொரு முறையும் கேட்பார். "ஓசூருக்கு வந்தவங்க மெஷின் ஓட்டுவாங்க, இல்ல பூ பறிப்பாங்க. நீ என்னாம்மா, வெள்ளைக்காரிங்களுக்கு ஜாதகம் எழுதினு இருக்கிற?" நானும் ஆமாம் மாமா, பொருத்தம்கூடப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விடுவேன்.

போன மாதம் ஒரு அட்டைப்பெட்டி வீட்டுக்கு வந்தது. அலுவலகத்தை முழுதாகப் பெங்களூருக்கு மாற்றுகிறார்களாம். பழைய இரும்பு அலமாரியைக் காலி செய்த பெண்கள், நான் எழுதிய குறிப்பு அட்டைகளைத் தூக்கிப் போட மனசு வராமல் அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "அக்கா, இப்ப நாங்க கேள்வி கேட்டா கம்ப்யூட்டரே கட்டுரையா எழுதிக் குடுத்துடுது. நீங்கல்லாம் இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எழுதிக் குடுங்க." பெட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டு இரண்டு நாள் திறக்காமலே இருந்தேன். பிறகு திறந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சி என்று பதினைந்து நாள் கொடுத்தார்கள். தட்டச்சு எனக்கு ஏற்கெனவே தெரியும். மூன்று கணினி, ஆறு பேர், முறை வைத்து உட்கார வேண்டும். இணையம் மெதுவாக வரும். ஒரு பழைய செய்தித்தாளின் பக்கம் திறப்பதற்குள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வந்துவிடலாம். கிடைக்காத புத்தகங்களுக்காக மாதம் ஒரு சனிக்கிழமை அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் நூலகத்துக்குப் பஸ் ஏறுவோம். அவ்வளவுதான் பயிற்சி. மற்றதையெல்லாம் மும்தாஜ் மேடத்திடம் கற்றுக்கொண்டோம்.

மேடத்துக்குக் கிருஷ்ணகிரி. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஆண்கள் எல்லாரும் மாங்காய் வியாபாரம். இவர் மட்டும் புத்தகத்தோடு போய்விட்டார். காலையில் வந்ததும் செருப்பை மேசைக்கு அடியில் கழற்றிவிட்டு, பிளேடால் ஒரு பென்சிலைச் சீவுவார். சீவலைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக் கூடையில் போடுவார். அதன் பிறகுதான் முதல் அட்டையைக் கையில் எடுப்பார். நான் வேலை பார்த்த காலத்தில் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. கீழே பிரஸ் இடிக்கும்போது பேச்சை நிறுத்திக்கொள்வார். அது ஓய்ந்ததும் விட்ட சொல்லில் இருந்து தொடர்வார்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அட்டை, கணினியில் அடித்து அச்செடுத்தது. மேலே பெயர், பிறப்பு, செய்த வேலை. நடுவில் இரண்டு பெரிய கட்டங்கள். ஒன்று அவளுடைய சொந்த வாழ்க்கையிலும் அவளை அறிந்தவர்களிடமும் ஏற்பட்ட தாக்கம். இன்னொன்று சமூகத்தில் ஏற்பட்ட தாக்கம். இதுவரை அமெரிக்காக்காரர் கொடுத்த படிவம். கீழே ஒரு வரியை மேடம் தாமாகவே சேர்த்திருந்தார்: 'யார் சொன்னது?' அதற்கு எதிரே இரண்டு ஆதாரம் எழுத வேண்டும். ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதிய இன்னொரு புத்தகத்தை இரண்டாவது ஆதாரமாகக் காட்டினால் பென்சிலால் மெதுவாக அடித்துவிடுவார். "இது அதைப் பாத்து எழுதினதும்மா. ரெண்டும் ஒரே வாய்தான். வேற வாய் எங்கே?" என்பார். அட்டையின் கடைசி மூலையில் எழுதியவரின் பெயரெழுத்தும் அதே அச்சில் இருக்கும். எனக்கு எம்.எஸ். அப்பா முனியப்பன், நான் சாந்தி.

எங்களில் இன்னொரு சாந்தியும் இருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். தளிப் பக்கத்தில் இருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அவளுடைய அப்பா கெஞ்சப்பா ஒரு ரோஜாப் பண்ணையில் மருந்தடிப்பவர். அதனால் அவள் கே.எஸ். பேச்சில் நான் பெரிய சாந்தி, அவள் சின்ன சாந்தி. தண்டு வளைந்த ரோஜாக்களை ஏற்றுமதிக்கு எடுக்கமாட்டார்கள். அவற்றை அவள் ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து மேசைமேல் ஒரு பாட்டிலில் வைப்பாள். பிரஸ் இடிக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டில் தண்ணீர் நடுங்கும். ரோஜாவும் லேசாகத் தலையாட்டும். அதைப் பார்த்தபடியே நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

அந்த வேலையில் ஒரு மயக்கம் இருந்தது. ஓசூர்க் காலையில் பனி இறங்கி, எதிர் வரிசைத் தொழிற்சாலையே தெரியாது. ஷிப்டு முடிந்து போகும் பெண்கள் பனிக்குள் இருந்து ஒவ்வொருத்தியாக வெளியே வருவார்கள். அவர்களுக்கு நடுவே, முந்தின நாள் நான் எழுதிய பெண்ணும் வருவது போல இருக்கும். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்க மறுத்த அந்தத் தையல்காரப் பெண்ணை, நானும் வழியில் ஏறும் தளி பஸ்ஸில் பல நாள் என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கண்ணும் காதும் இல்லாமல், உள்ளங்கையில் எழுதிக்காட்டிய சொல்லால் உலகத்தைப் படித்தவளை எழுதிய வாரம் முழுக்க, சோற்றைப் பிசையும்போதுகூட என் விரல்கள் எதையோ எழுதிக்கொண்டிருந்தன. நான் எங்கே இருக்கிறேன் என்பதே சில நேரம் மறந்துபோகும். அந்த மறதி எனக்குப் பிடித்திருந்தது.

பூச்சிமருந்தால் பறவைகளின் சத்தம் அடங்கிப்போனதை உலகத்துக்குச் சொன்ன பெண்ணின் அட்டையைச் சின்ன சாந்திதான் எழுதினாள். நோயோடு இருந்துகொண்டே எழுதியவர் அவர். அட்டை முடிந்த மறுநாள் சின்ன சாந்தி மேடத்திடம் போய் நின்றாள். "மேடம், எங்கப்பாவுக்கு மூக்கு வாயெல்லாம் துணி கட்டித்தான் இன்னிக்கு மருந்தடிக்க அனுப்பினேன். அந்தம்மா எழுதினதாலதான் கட்டினேன். இதை எந்தக் கட்டத்துல எழுதறது?" என்றாள். மேடம் யோசித்தார். கீழே பிரஸ் மூன்று முறை இடித்து ஓய்ந்தது. "ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்டிருக்குது பாரு, அந்தக் கோட்டுல எழுதும்மா" என்றார். எங்கள் வேலைக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

எனக்குக் கல்யாணம் நடந்தது முப்பத்தேழு வயதில். கேட்பவர்களே கேட்டுக் கேட்டு அலுத்து மறந்துபோன பிறகு நடந்த கல்யாணம். அவர் பாரூர்க்காரர், பெயர் குமரேசன், ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மூன்று நாள் விடுப்பு முடிந்து அலுவலகத்துக்கு வந்தவள், யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் எம். சாந்தி என்று போடுவதற்குப் பதிலாக கே. சாந்தி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு எழுத்தைப் போட என் கை எத்தனை வருடம் காத்திருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு எழுதிய அட்டையிலும் கே.எஸ். என்றே போட்டேன். இப்படிப் பதினோரு நாள். பிறகு பதிவேடு பார்க்கும் கணக்கர் வந்து, "ஏம்மா, ஆபீசுல ரெண்டு கே. சாந்தி வெச்சா நான் எங்க போறது? சர்டிபிகேட்டுல இருக்கிற இனிஷியலையே போடும்மா" என்று சலித்துக்கொண்டார். பதிவேட்டில் வெள்ளை மையைப் பூசி அந்தப் பதினோரு எழுத்தையும் அழித்து, மேலே எம் என்று எழுதினார். நான் மறுபடி எம்.எஸ். ஆனேன். எழுதி முடித்த அட்டைகளைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

அந்தப் பதினோரு நாளுக்குள் எழுதியதுதான் எட்னாவின் அட்டை. அவளுடைய உண்மைப் பெயரை இங்கே மாற்றியிருக்கிறேன். எட்னா ஒரு நூற்பாலைப் பெண். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உட்கார ஒரு முக்காலி வேண்டும் என்று விண்ணப்பம் எழுதி, ஆலையில் எல்லாப் பெண்களிடமும் கையெழுத்து வாங்கியவள். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. அதன் பிறகு எந்தச் செய்தித்தாளிலும் அவள் பெயர் இல்லை. நான் ஒரு வாரம் தேடினேன். எங்கும் இல்லை. சொந்த வாழ்க்கைக் கட்டத்தில் 'பிற்கால வாழ்க்கை தெரியவில்லை' என்று எழுதினேன். எங்கள் எதிர் வரிசைத் தொழிற்சாலையிலும் பெண்கள் நின்றுகொண்டேதான் வேலை செய்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் சாலையோரத் திண்டில் காலை நீட்டி உட்காருவார்கள்.

அதே வாரத்தில் அதே ஊரில் இருந்து இன்னொரு பெண் கிடைத்தாள். ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, முக்காலிக்குச் சட்டம் கொண்டுவரப் போராடிய குழுவின் தலைவி. செய்தித்தாள்கள் எல்லாவற்றிலும் அவள் பெயர் 'மிஸஸ் வால்டர் புரூயிட்' என்றே இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வால்டர் அவள் கணவன் பெயர், முன்னால் வருகிறது. புரூயிட் அவள் பெயர், பின்னால் வருகிறது. குமரேசன் சாந்தி என்பது போலத்தானே? 'டபிள்யூ. புரூயிட்' என்று ஓர் அட்டை போட்டேன். இளமை பற்றித் தகவல் இல்லை என்று எழுதினேன். அமெரிக்கர்களின் குடும்பப் பெயரைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதுவரை நான் எழுதியவர்கள் எல்லாம் சொந்தப் பெயரோடு இருந்த பெரிய மனுஷிகள். ஒரு பெண்ணைக் கணவனின் முழுப்பெயராலேயே அழைத்து, அவள் பெயரில் ஓர் எழுத்தைக்கூட மிச்சம் வைக்கமாட்டார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அந்தப் பெயருக்குள் அவள் எங்கேயாவது இருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, அமெரிக்காவில் இருந்து கடிதம் வந்தது. எட்னாவும் மிஸஸ் வால்டர் புரூயிட்டும் ஒரே பெண். எட்னா, வால்டர் புரூயிட் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டவள். ஒரே பெண்ணை இரண்டு பேராகப் பாடப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டார்கள். அங்கே பெரிய சங்கடமாகிவிட்டது. ஒப்பந்தப்படி, இப்படிப்பட்ட தவறு செய்தவரை வேலையில் இருந்து எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பெயரோடு பதில் அனுப்ப வேண்டும்.

மேடம் இரண்டு அட்டைகளையும் எடுத்தார். மூலையில் பார்த்தார். சின்ன சாந்தியைக் கூப்பிட்டார்.

"கே.எஸ். நீதானேம்மா?"

சின்ன சாந்தி அட்டைகளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எழுதியது தானில்லை என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். அவள் நிமிர்ந்து என் பக்கம் பார்க்கவில்லை.

"கே.எஸ். நான்தான் மேடம்" என்றாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் வாய் திறக்கவில்லை. பிரஸ் இடித்தது, பாட்டில் தண்ணீர் நடுங்கியது, நான் ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலை போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுக்க வீட்டில் முடிவு செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் வேலையில் இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று கெஞ்சப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வேலை நின்றால் மாத முடிவுக்குள் கல்யாணம். மாமனை அவளுக்குப் பிடிக்காது. எனக்கு என்ன ஆகும்? புதுப் புகுந்த வீடு. அமெரிக்காக்காரர்களுக்கே பாடம் எழுதுகிற மருமகள் என்று என் மாமியார் பாரூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்த மானம் போகும். அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரியாதவள் இல்லை நான். ஆனாலும் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் வெட்கப்படுகிற நாட்கள் அந்த நான்கும்தான்.

அந்த நான்கு நாளும் சின்ன சாந்தி எப்போதும் போலத் தளி பஸ்ஸில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். நான் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். நான் உட்காருவேன். வெளியே பனி. வியாழக்கிழமை காலை, கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாத பனி. கம்பியைப் பிடித்து நின்றவர்களுக்கு நடுவே எட்னா நின்றுகொண்டிருந்தாள். நீளப் பாவாடை, பஞ்சுத் தூசி ஒட்டிய தலைமுடி. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். என்னைக் குறை சொல்லும் முகமாக இல்லை அது. வெறுமனே களைத்த முகம். இருபத்து நான்கு வயதோடு அவளை நிறுத்தியது நான்தான், இன்னும் உட்கார விடாமல் வைத்திருப்பதும் நான்தான் என்று தோன்றியது. பஸ் நிலையத்தில் இறங்கும்போது அவள் இல்லை. கூடைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மேடம் பென்சில் சீவி முடிக்கும் வரை காத்திருந்தேன். போய் நின்றேன்.

"மேடம், அந்த ரெண்டு அட்டையும் நான் எழுதினது. கல்யாணம் ஆனப்ப பதினோரு நாள் கே.எஸ்.னு போட்டேன். சின்ன சாந்தி எழுதல."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"நீ சொல்றே. சரி. ரெண்டாவது யாரு?"

எனக்குப் புரியவில்லை.

"ஒருத்தர் சொன்னா நான் எப்பம்மா ஒத்துக்கிட்டிருக்கேன்? உன்மேல இரக்கப்பட்டு அவ பழியை ஏத்துக்கலாம். அவமேல இரக்கப்பட்டு நீயும் ஏத்துக்கலாம் இல்ல? வேற யாரு சொல்றாங்க?"

பதிவேட்டைச் சொல்ல வாயெடுத்தேன். அதில் வெள்ளை மைதான் இருந்தது. கணக்கர் வேலையை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் சொல்வதற்கு ஆதாரம் நானே ஒருத்திதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான் சொல்றேன் மேடம்" என்றாள் சின்ன சாந்தி. "அக்காதான் எழுதினது. அந்தப் பதினோரு நாளும் நான் பாத்தேன்."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "திங்கட்கிழமை ஏன் சொல்லல?"

சின்ன சாந்தி தரையைப் பார்த்தாள். "அக்கா அந்த எழுத்தைப் போட்டுட்டுத் தனியா சிரிச்சினு இருப்பாங்க மேடம். அதை நான் போய்க் காட்டிக் குடுக்கறதா? அவங்களே சொல்லுவாங்கன்னு இருந்தேன். நேத்து வரைக்கும்தான் பயமா இருந்துச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கன்னடத்தில் "பிடி அக்கா" என்றாள், விடுங்க என்று. நான் விடவில்லை.

மேடம் அன்றைக்கே பதில் எழுதினார். என் பெயரைப் போட்டார். கூடவே, ஒரு பெண்ணின் பிறந்த பெயரை எழுத உங்கள் படிவத்தில் இடமே இல்லை, இருந்திருந்தால் இரண்டு அட்டையும் ஒன்றாகியிருக்கும் என்று நாலு வரி எழுதினார். என்னை அந்த வேலையில் இருந்து எடுத்துவிட்டார்கள். அச்சுத்தாளில் பக்க எண்ணைச் சரிபார்க்கும் வேலையில் ஓர் ஆண்டு இருந்துவிட்டுத்தான் மறுபடி அட்டைக்கு வந்தேன். என் மாமியாருக்கு அது கடைசிவரை தெரியாது. கணவரிடம் சொன்னேன். "என் எழுத்தாலயா வந்துச்சு?" என்று கேட்டு மனுஷர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. படிவத்தில் அடுத்த வருடம் 'பிறந்த பெயர்' என்று ஒரு புதுக் கட்டம் வந்தது. சின்ன சாந்தி வேலையில் இருந்தாள். தாய்மாமன் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். இன்று அவள் பெங்களூரில் இதே வேலையில் பத்துப் பேருக்கு மேலே இருக்கிறாள்.

மும்தாஜ் மேடம் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. எட்னாவின் திருத்திய அட்டையை நான் பார்த்ததே இல்லை. அப்போது நான் பக்க எண்களோடு இருந்தேன், கேட்கவும் துணிவில்லை. போன மாதம் வந்த பெட்டியில், அடியில் இருந்தது அது. ஒரே அட்டை. எட்னா, பிறந்து, முக்காலி கேட்டு, கல்யாணமாகி, சட்டம் வாங்கி, வயதாகி இறந்தவள். இரண்டு கட்டமும் நிறைந்திருந்தன. மூலையில் எழுதியவரின் பெயரெழுத்து இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கீழே, மேடம் தாமாகச் சேர்த்த அந்த வரிக்கு எதிரே, புத்தகங்களின் பெயர்களுக்குப் பின்னால், அவருடைய பென்சில் எழுத்து இன்னும் மங்காமல் இருந்தது. இனிஷியல் இல்லாமல் ஒரு தாளைக்கூடக் கையில் வாங்காதவர் அவர்.

யார் சொன்னது? சாந்தி, சாந்தி.